டெர்ம்ஸ் கிங்ஸ்டனின் ஒற்றை வரி

"உள்ள போங்கம்மா."

"எங்கன போறது?"

"எடம் கெடக்குல்லா."

"எந்தலையிலயா கெடக்கு?"

"தலை நொழஞ்சா ஒடம்பு தானா நொழஞ்சிரும்."

"ஒன் வாய மூடு, பாதி எடம் கெடைக்கும்."

முத்தையாபுரத்திலிருந்து பழைய துறைமுகம் போகும் மினி பஸ்சின் பின்படியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்த கிங்ஸ்டன், சும்மா இருந்த மற்றக் கையின் சுட்டுவிரலால் காற்றில் ஏதோ எழுதினார். எழுதி முடித்து அடியில் ஒரு கோடும் போட்டார். கூடத் தொங்கிய மீன் கம்பெனித் தொழிலாளி அந்த விரலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், கணக்குப் போடுதியளோ?"

"இல்ல அண்ணாச்சி. ஸ்டிகோமிதியா."

"சுகர் மாதிரி ஏதுமா?"

"வியாதி இல்ல. ஒருத்தர் ஒரு வரி, அடுத்தவர் ஒரு வரின்னு வெட்டி வெட்டிப் பேசுறதுக்குப் பேரு. பழைய கிரேக்க நாடகத்துல வரும். நம்ம கண்டக்டர் அருமையா பண்ணுதாரு."

கண்டக்டருக்குக் கூர்மையான காது. "யாருல அது, பின்னால நின்னு எனக்குப் பேரு வைக்கது?" என்று கூட்டத்துக்கு மேலாகக் கழுத்தை நீட்டினார். கிங்ஸ்டன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார். மீதித் தூரம் நடைதான். அவருக்கு இது புதிதல்ல.

நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் "கிங்ஸ்டன்" என்று கூப்பிட்டால் பந்திக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி உண்டு. பேக்கரி கிங்ஸ்டன், பல் டாக்டர் கிங்ஸ்டன், கொயர் கிங்ஸ்டன். இவர் டெர்ம்ஸ் கிங்ஸ்டன். அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர் வேலைக்கான போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அதிலும் முழுப் பாடத்தையும் இல்லை. நாவலுக்கு ஒருவர், இலக்கணத்துக்கு ஒருவர், மொழியியலுக்கு ஒருவர் வருகிறார்கள். இவருடையது ஒரே ஒரு பகுதி. பழைய நாடகங்களையும் காவியங்களையும் படிக்கத் தேவையான கலைச்சொற்கள், அதாவது டெர்ம்ஸ். கேள்வித்தாளில் அந்தப் பகுதிக்கு ஒரு மூலைதான் இடம். கிங்ஸ்டனுக்கு உலகம் முழுவதும் அந்த மூலைக்குள் அடக்கம்.

வகுப்பு நடப்பது பழைய துறைமுகத்துக்கு எதிரே, தாணுலிங்கம் அண்ணாச்சியின் தோணி ஏஜென்சிக்கு மேல்மாடியில். கீழே கயிறும் டீசலும் வெங்காய மூட்டையும் கலந்த வாடை. மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கலும் ஏற்றிப் போகும் தோணிகளுக்கு ஆள் சேர்ப்பது, சரக்கு சேர்ப்பது, போனவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று விசாரிப்பது எல்லாம் அந்தக் கீழ்த்தளத்தில். மேலே நீளமான பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் கிங்ஸ்டனைவிட மூத்தவர்கள். தனியார் பள்ளியில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து உட்காருகிறவர்கள். "நீங்க ஒக்காருங்க, நான் நிக்கேன்" என்பார். வகுப்பு முடியும்வரை அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆசிரியருக்கென்று கிடக்கும் நாற்காலியில் அவருடைய சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கும்.

சொல்லித்தருகிற முறையும் தனி. புத்தகத்தில் உள்ள விளக்கத்தைப் படிக்கவே மாட்டார். ஜன்னலைத் திறப்பார்.

"அங்கன பாருங்க, கிரேன். கன்டெய்னர தூக்கி அந்தரத்துல நிறுத்தி மெதுவா எறக்குது பாத்தியளா? அந்தக் காலத்து நாடகத்துல கதை சிக்கல்ல மாட்டிக்கிட்டா, இதே மாதிரி மரத்துல ஒரு கிரேன் செஞ்சி, அதுல ஒரு சாமியக் கட்டி எறக்குவான். சாமி எறங்குன ஒடனே பிரச்சினை தீந்துரும். டியூஸ் எக்ஸ் மாக்கினா. எந்திரத்துல வந்த தெய்வம். பரீட்சையில கேட்டா ஒங்களுக்குக் கிரேன் ஞாபகம் வரணும்."

உப்பளத்தில் கணக்கு எழுதும் ஒருவருக்கு ஹ்யூப்ரிஸையும் பெரிபெட்டியாவையும் ஒரே மூச்சில் புரியவைத்தார். "வெள்ளையா குமிச்சு வச்ச உப்ப பாத்து மொதலாளி, 'இந்த வருசம் மழையாவது மண்ணாவது'ன்னு சொல்லுதாருல்லா, அந்தத் திமிரு ஹ்யூப்ரிஸ். சொல்லி வாய மூடல, ஆறுமுகநேரிப் பக்கம் கருக்குது பாருங்க வானம், அந்தத் திருப்பம் பெரிபெட்டியா." அந்த உப்பளத்துக்காரர் சிரிக்கவில்லை. போன வருடம் நடந்ததையே இவர் சொல்லிவிட்டார்.

காலைப் பத்திரிகையில் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பெயர்களைப் போடும் பத்தி இருக்கிறதே, அது அவருக்குக் காவியக் கேட்டலாக். போருக்குப் போகும் கப்பல்களைக் கவிஞன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவானாம். அந்தப் பத்தியைக் கத்தரித்து, ராகம் போட்டு வாசித்துக் காட்டுவார். சங்கு குளிக்கிறவர் மூச்சடக்கிக் கீழே போய்விட்டு மேலே வருவது, காவிய நாயகன் பாதாளத்துக்குள் போய்த் திரும்புவதற்குச் சமம். "கீழ போறது பெருசில்ல. மேல வந்து கைய விரிச்சுக் காட்டணும்."

ஏஜென்சி வாசலில் ஒரு நீளப் பலகை கிடக்கிறது. தோணி வேலையை விட்டுவிட்ட பெரியவர்கள் காலையிலிருந்து அதில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் எல்லாரையும் பற்றிப் பேசுவார்கள். ஒரு நாள் அவர்களே கேட்டார்கள்.

"ஏ டெர்ம்ஸு, ஊருக்கெல்லாம் பேரு வைக்கியே, நாங்க என்னது?"

"நீங்கதான் கோரஸ்."

"அப்படின்னா?"

"நாடகத்துல ஓரமா நிக்க கூட்டம். கோரஸுக்கு எல்லாம் தெரியும். எல்லாத்துக்கும் வருத்தப்படும். ஆனா எந்திரிச்சுப் போய் ஒண்ணும் செய்யாது."

"சம்பளம் உண்டா?"

"கெடையாது."

"அப்பம் நாங்க தோணிக்கே திரும்பிப் போறோம்."

உள்ளேயிருந்து தாணுலிங்கம் அண்ணாச்சியின் குரல் மட்டும் வந்தது. "நீரு மட்டும் என்ன வே, வாத்தியாரே? நீரும் எல்லாத்துக்கும் பேரு வச்சிட்டு நிக்க ஆளுதான?"

கோரஸ் ஓவென்று சிரித்தது. கிங்ஸ்டனும் சிரித்தார். மாடிப்படி ஏறும்போது பாதியில் ஒருமுறை நின்றார்.

வீட்டிலும் இதே குற்றச்சாட்டுதான். மனைவி ஜெப்ஸி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். "இந்த மனுசன் கூட ஒரு சண்டைய முழுசா போட முடியாது. நான் பாதி பேசிக்கிட்டு இருக்கையிலேயே விரல் காத்துல எழுத ஆரம்பிச்சிரும். என்னன்னு கேட்டா, நான் தனியாப் பேசுறது மோனோலாக்காம்."

அவர் மிகவும் ரசித்துச் சொல்லித்தருவது எபிதெட். காவியங்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒட்டிக்கொண்டே வரும் அடைமொழி. பட்டப்பேர் வைப்பதில் பேர்போன ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. அவர் எப்போதும் காட்டும் உதாரணம் பால்துரை தண்டல். தோணியை நடத்தும் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். பால்துரை, கட்டவிழ்த்துத் தோணி நகர்ந்துவிட்டால் துறைமுகத்தைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். மற்றவர்கள் கையாட்டுவார்கள், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடி நிற்பார். "கரையைத் திரும்பிப் பாராத பால்துரை" என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, "எப்படி இருக்கு? இதுதான் எபிதெட்" என்பார் கிங்ஸ்டன்.

பால்துரையின் மனைவி அற்புதமணி அக்காளின் வீடு ஏஜென்சிக்குப் பின் சந்தில். மாடியில் தண்ணீர் வராது. வகுப்புக்குக் குடிதண்ணீர் அந்த வீட்டிலிருந்துதான். எவர்சில்வர் குடத்தை நிறைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு சில நாள் அக்காளே மாடி ஏறி வந்துவிடுவார். ஒருமுறை வந்தபோது கரும்பலகையில் இருந்ததை யாரோ வாசித்துத் தமிழில் சொன்னார்கள்.

"அதுவா, டெர்ம்ஸு சார்? திரும்பிப் பாத்தா நான் செலவுக்குத் துட்டு கேப்பேன்னு பயம். அவ்வளவுதான். இதுக்குப் போய் இங்கிலீசுல என்னமும் எழுதாதிய."

வகுப்பு சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது.

இத்தனை விளையாட்டுக்காரர், ஒரே ஒரு சொல்லுக்கு வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். மெசஞ்சர் ஸ்பீச். அந்தப் பழைய நாடகங்களில் சாவை மேடையில் காட்டுவதில்லை. அது எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும். ஓர் ஆள் வந்து சொல்லுவான்.

"நம்ம ஊருக்கு இத வெளக்கவே வேண்டாம். நமக்கு எது நடந்தாலும் கடல்லதான் நடக்கும். கரைக்கு வாரது சேதி மட்டும். ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தத் தூதன் வந்த ஒடனே என்ன செய்வான்? மொதல்ல ஒத்த வரி. இன்னார் செத்துட்டாருன்னு சொல்லிருவான். அப்புறந்தான் எப்படி, எங்கன, யாரு கடைசியா பாத்தான்னு நீளமா சொல்லுவான். நம்மாளுக தலைகீழா செய்வோம். கதைய மொதல்ல சொல்லுவோம், வரிய முழுங்கிருவோம்."

இதற்குப் பின்னால் ஒரு மத்தியானம் இருக்கிறது. கிங்ஸ்டன் மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது விடுதிக்குச் சித்தப்பா போன் செய்தார். "ஒண்ணுமில்லடே. அப்பாவுக்கு லேசா முடியல. பதறாம வா." மகன் பதறாமல் வந்தான். பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கினான். பழம் நசுங்கிவிடக் கூடாது என்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டு நாசரேத் வரை வந்தான். தெருமுனை திரும்பியபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"எழவு வீட்டுக்குள்ள ஆரஞ்சுப் பையோட நொழஞ்ச ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்பார் கிங்ஸ்டன், சிரிக்கிற மாதிரி. "எல்லாரும் வந்து கட்டிப்பிடிச்சு அழுதாவ. ஒருத்தருக்கும் கையில இருந்த அந்தப் பைய வாங்கணும்னு தோணல. ஜெபம் முடியிற மட்டும் பிடிச்சிக்கிட்டே நின்னேன்."

இந்த வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் நடந்ததையும் அவர் வழியிலேயே சொல்வதுதான் முறை. ரெக்ஸ் பிழைத்தான். பால்துரை தண்டல் பிழைக்கவில்லை. இனிக் கதை.

ரெக்ஸ், பால்துரையின் தோணியில் எஞ்சின் டிரைவர். அவன் மனைவி அனுஜா, இனிகோ நகர்க்காரி, கிங்ஸ்டனின் வகுப்பில் முதல் பெஞ்சு. தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டு நேரே இங்கே வருவாள். இந்த முறை அரசு வேலை கிடைத்துவிட்டால் ரெக்ஸைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருந்தாள். அவளுக்கு வாய் நீளம். கிங்ஸ்டனைப்போலவே பேசிக்காட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அன்று விடுமுறை நாள், முழுநாளும் கடைசி வகுப்பு. காலையில் டிரமாட்டிக் ஐரனியைத் திரும்ப நடத்தியிருந்தார். பார்க்கிறவர்களுக்கு விஷயம் தெரியும், மேடையில் நிற்கிறவருக்குத் தெரியாது, அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். கரும்பலகையில் அந்தச் சொல் அழிக்கப்படாமல் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழேயிருந்து கூப்பிட்டார்கள்.

தாணுலிங்கம் அண்ணாச்சி செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் அதன் மேல் பொத்தி வைத்திருந்தார். பக்கத்தில் ஜெயஷீலா ஐயரம்மா. அவரும் வகுப்பில் படிக்கிறவர், சர்ச் போதகரான ஒரு சபை ஐயரின் மனைவி. சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பும் வழியில் உள்ளே நடந்த பேச்சைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"வாத்தியாரே, பால்துரை தோணி தாந்துட்டு" என்றார் அண்ணாச்சி. "கொழும்பு போற கப்பல் ஒண்ணு ஆளுகள ஏத்தியிருக்கு. ஏத்துனதுல ஒரு ஆளுக்கு உசுரு இல்ல. யாருன்னு கப்பல்காரனுக்குப் பேரு சொல்லத் தெரியல. லைனும் அந்தாக்குல போயிட்டு. திரும்பக் கூப்பிடுதேன்னு சொல்லியிருக்கான்."

கிங்ஸ்டன் மாடியை அண்ணாந்து பார்த்தார். மேலே சிரிப்புச் சத்தம்.

"தம்பி, அந்தப் புள்ளைக்கு இப்பம் ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றார் ஐயரம்மா. "நாளைக்குப் பரீட்சை முடியட்டும். ராத்திரியும் பகலும் படிச்சிருக்கா. நாம ஜெபம் பண்ணுவோம். நல்ல சேதியா வந்திட்டுன்னா சும்மா பயங்காட்டுனதாயிரும்லா."

"கெட்ட சேதியா வந்தா?"

ஐயரம்மா ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கெட்ட மனம் கொண்டவரல்ல. அனுஜாவுக்காகத் தன் குறிப்புகளையெல்லாம் நகலெடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அண்ணாச்சி ஏஜென்சியில் ஒரு வழக்கம் உண்டு. தோணிக்காரர் வீட்டுக்குச் சேதியைப் போனில் சொல்லமாட்டார். தெரிந்த முகம் ஒன்று நடந்து போக வேண்டும். "நம்ம ஏஜென்சிப் பையன் மாரிராஜ் துறைமுகத்துல நிக்கான். அவன் வரட்டும்" என்றார். "இல்ல நீரு சொல்லுதீரா? ஒம்ம புள்ள மாதிரி இருக்கா."

கிங்ஸ்டன் மாடி ஏறினார்.

அனுஜா கரும்பலகை முன்னால் நின்றிருந்தாள். கையில் சாக்பீஸ். நாற்காலியில் இருந்த சாப்பாட்டுப் பைக்கு வணக்கம் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து, கிங்ஸ்டனின் குரலில், "அங்கன பாருங்க மக்கா, கிரேன். அதுல தொங்குதது யாருன்னு நெனைக்கிய? ஒங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்!" என்றாள். பெஞ்சுகள் குலுங்கின. வாசலில் கிங்ஸ்டனைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

இதற்குப் பெயர் கிங்ஸ்டனுக்குத் தெரியும். அவள் தலைக்கு மேலேயே பலகையில் இருந்தது. பழக்கத்தில் அவருடைய சுட்டுவிரல் எழும்பியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அனுஜா, கொஞ்சம் கீழ வாறியா? தாணுலிங்கம் அண்ணாச்சி கூப்பிடுதாவ."

"எதுக்கு சார்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்குக் கூப்பிடுதாவ?"

"இல்ல, தோணியில லேசா..."

அந்த 'லேசா' வெளியே வந்துவிட்டது. அதைக் கேட்டபோது அவருக்கே அது யாருடைய குரல் என்று தெரிந்தது.

அனுஜா சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி இருந்தது, எடுத்துவைக்க இடம் தெரியாத மாதிரி.

"சார்" என்றாள். "ஒத்த வரி."

கிங்ஸ்டன் பிடித்திருந்த விரலை விட்டார்.

"தோணி தாந்துட்டு. ஒரு ஆளு செத்துட்டாரு. யாருன்னு தெரியல."

"நெசமாவே தெரியலையா, இல்ல என்கிட்ட சொல்லலையா?"

"நெசமா தெரியல. தெரியிற நிமிசம் சொல்லுதேன். மறைக்க மாட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்தாள். கிங்ஸ்டன் பின்னாலேயே ஏறி வந்திருந்த ஐயரம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "ஆண்டவரே" என்று உரக்கத் தொடங்கினார். அனுஜா அவர் கையைப் பிடித்து, "அம்மா, மனசுக்குள்ள பண்ணுங்க. போன் சத்தம் கேக்கணும்" என்றாள்.

கிங்ஸ்டன் அப்போது செய்ததை அந்த வகுப்பில் இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். முதல் பெஞ்சில் அனுஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியானம் மெல்ல நகர்ந்தது. கிரேன் ஒரு கன்டெய்னரைத் தூக்கி, நிறுத்தி, இறக்கியது. யாரும் பார்க்கவில்லை.

கீழே போன் அடித்தது. அண்ணாச்சி பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு படியில் காலடி. தாணுலிங்கம் அண்ணாச்சிக்கு மூட்டுவலி, மாடிக்கு வருவதே இல்லை. இத்தனை வருடமும் கிங்ஸ்டனின் பாடத்தைக் கீழே உட்கார்ந்தபடி கூரை வழியாகக் கேட்டுக் கேலி செய்தவர் அவர். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று, அங்கிருந்தே கத்தினார்.

"ரெக்ஸ் இருக்கான்!"

அனுஜா முகத்தை மேஜைமேல் கவிழ்த்தாள். வகுப்பே எழுந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள், யாரோ அழுதார்கள். தெருவுக்குக்கூட அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

கிங்ஸ்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்குப் போனார். அண்ணாச்சி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பால்துரை" என்றார். "எல்லாரும் ஏறுன பொறவுதான் ஏறுவேன்னு நின்னாராம். தலையில மரம் அடிச்சிட்டு."

கிங்ஸ்டன் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

"மாரிராஜ் கீழ வந்து நிக்கான்" என்றார் அண்ணாச்சி. "தண்டலுக்கு லேசா அடி, கொழும்புல ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். சொந்தக்காரங்க வந்து சேரட்டும். மெதுவா சொல்லிக்கிடலாம்."

"நான் போறேன் அண்ணாச்சி."

"போயி?"

"சொல்லுதேன்."

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வழிவிட்டு ஒதுங்கினார்.

வாசல் பலகையில் இருந்த கோரஸ் எழுந்து நின்றது. கிங்ஸ்டன் சந்துக்குள் திரும்பினார். கொடியில் பால்துரையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, கையிரண்டும் கீழே தொங்க. அதைக் குனிந்து கடந்தார். கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. அற்புதமணி அக்கா அப்போதுதான் குடத்தை நிறைத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சத்தம் கேட்டுது, டெர்ம்ஸு சார். தோணி தாந்துட்டுன்னாவ, போனாப் போவுது. ரெக்ஸ் இருக்கானாம்லா? அந்தப் புள்ளைக்குத் தொண்டை வறண்டு போயிருக்கும், அதான் தண்ணி கொண்டாரேன். கர்த்தர் காப்பாத்திட்டாரு. எங்க வீட்டு இவியளும் கூடத்தான வருவாவ?"

கிங்ஸ்டன் செருப்பைக் கழற்றினார். கிட்டே போய், அக்காளின் இடுப்பிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஆடாமல் சுவரோரம் இறக்கி வைத்தார். கை வெறுங்கையானதும் நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து அந்த ஒற்றை வரியைச் சொன்னார்.